பழைய தீயணைப்பு வண்டி வாங்கும் ஆசையா? பிரிட்டனில் ஒரு ‘கிரீன் காடஸ்’ வைத்துப் பட்ட பாடு

ஒரு சனிக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில், இணைய ஏலத்தில் ஒரு தீயணைப்பு வண்டியை எடுத்துவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரிய டிரெய்லர் ஒன்றின் முதுகில் ஏறி அது எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தது. இறக்கி முடித்த பிறகுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. வீட்டு வாசலில் அது நிற்காது. தெருவில் இரவு நிறுத்தக் கூடாது. அதை ஓட்டி வேறு எங்காவது கொண்டுபோக என்னிடம் உள்ள லைசென்ஸ் போதுமா என்பதும் தெரியாது.

“நிஜமாவே வாங்கிட்டீங்களா?” என்றாள் மனைவி. ஒரு வாரமாக நான் விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்திருந்தாளாம்.

செய்யவேண்டியதை எல்லாம் நானும் செய்தேன், ஆனால் தலைகீழாக. முதலில் வண்டி, அப்புறம் இடம், அப்புறம் இன்சூரன்ஸ், கடைசியில் லைசென்ஸ். அந்த வரிசையை நிமிர்த்தி எழுதினால் இன்னொருவருக்காவது பணமும் தூக்கமும் மிச்சமாகும் என்றுதான் இதை எழுதுகிறேன். இங்கிலாந்தில் தனியாள் ஒருவர் பொழுதுபோக்குக்காக வாங்குவதைப் பற்றி மட்டுமே இங்கே பேசுகிறேன்.

என்னுடையது பெட்ஃபோர்டு நிறுவனம் செய்த ‘கிரீன் காடஸ்’. 1953-லிருந்து 1956 வரை அரசுக்காகத் தயாரானது. பச்சைப் பெயின்ட், ஆறு சிலிண்டர் 4.9 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். அரசு இவற்றைக் கழித்துவிட்டதால் தனியார் கைகளில் நிறைய இருக்கின்றன, விலையும் மற்ற பழைய தீயணைப்பு வண்டிகளைவிடக் குறைவு. புதிதாக வருபவர்கள் விழுகிற குழி பெரும்பாலும் இதுதான். நீங்கள் டென்னிஸ், லேலண்டு என்று வேறு வண்டி பார்த்தாலும் கீழே உள்ளவற்றில் முக்கால்வாசி பொருந்தும்.

1. வண்டியைப் பார்க்கும் முன் இடத்தைப் பாருங்கள்

வாடகைக்கு ஒரு கொட்டகை உறுதியாகும்வரை ஏலப் பக்கத்தைத் திறக்காதீர்கள்.

வீட்டு வாசலில் நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் முதலில் வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். புதிதாகக் கட்டிய குடியிருப்புகள் பலவற்றில் வணிக வாகனம், கேரவன் இவற்றை வாசலில் நிறுத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனை இருக்கும். எங்கள் பத்திரத்திலும் இருந்தது. வீடு வாங்கிய நாளில் கையெழுத்துப் போட்டதோடு சரி, படித்ததில்லை. அடுத்தது எடை. கார் நிற்பதற்காகப் பாவிய செங்கல் தரை ஒரு லாரியைத் தாங்காது. முன் சக்கரம் நின்ற இடத்தில் இரண்டே இரவில் உள்ளங்கை ஆழத்துக்குப் பள்ளம் விழுந்தது. அதற்குப் பக்கத்தில் எஞ்சின் ஆயில் ஒரு தோசை அளவுக்குப் பரவியிருந்தது. பழைய எஞ்சினுக்கு ஆயில் ஒழுகுவது நோயே இல்லை, சுபாவம்.

தெருவில் விடலாமா? லண்டனின் பல பரோக்களில் (உள்ளாட்சிப் பகுதிகளில்) 5 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளை மாலை 6.30 மணிக்குமேல் காலை வரை தெருவில் நிறுத்தத் தடை. ஊருக்கு வெளியே இருந்தாலும் கவுன்சிலில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மிஞ்சுவது விவசாயப் பண்ணைகளின் கொட்டகைகள். நான் மாதம் 140 பவுண்டு கொடுக்கிறேன், வீட்டிலிருந்து 22 மைல். இடம் பேசும்போது நான்கு கேள்வி கேளுங்கள். கதவின் உயரம் எவ்வளவு, தரை கான்கிரீட்டா மண்ணா, கரண்ட் உண்டா, ஞாயிற்றுக்கிழமை வந்து வேலை செய்யலாமா. கடைசிக் கேள்வியை நான் கேட்கவில்லை. முதல் மூன்று மாதம் பிடித்த கொட்டகையில் ஞாயிறு பூட்டு. எனக்கு லீவு கிடைப்பதே ஞாயிறுதான்.

2. லைசென்ஸ் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் வகைகள் இருக்கும். நம்மில் பெரும்பாலோர் இங்கே வந்து 1997-க்குப் பிறகு டெஸ்ட் பாஸ் செய்தவர்கள். அப்படியென்றால் கையில் இருப்பது ‘பி’, அதாவது 3.5 டன் வரைதான். 1997 ஜனவரி 1-க்கு முன் பாஸ் செய்தவர்களுக்கு ‘சி1’ கூடவே வந்திருக்கும், அது 7.5 டன் வரை. முழுச் சுமையோடு கணக்கிட்டால் கிரீன் காடஸ் அதையும் தாண்டிவிடும். முறைப்படி வேண்டியது ‘சி’.

இங்கே ஒரு விலக்கு உண்டு, விற்பவர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் சொல்வார்கள். 1960 ஜனவரி 1-க்கு முன் தயாரான சரக்கு வாகனத்தைச் சுமை ஏற்றாமல், சுமையேற்றிய டிரெய்லர் எதையும் இழுக்காமல் ஓட்டினால் கார் லைசென்ஸ் போதும். விலக்கு உண்மையானது, பலர் அதை நம்பித்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் ‘சுமை ஏற்றாமல்’ என்பதை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் கிரீன் காடஸின் தொட்டி 300 காலன் பிடிக்கும். நிரப்பினால் தண்ணீர் மட்டும் 1,360 கிலோ. அதை வைத்துக்கொண்டு வண்டி காலி என்று போலீஸிடம் வாதாட எனக்குத் தைரியம் இல்லை. பின்னால் அடுக்கிய ஹோஸ், ஏணி, விழா மேசை நாற்காலி இவையெல்லாம் சுமையா இல்லையா என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். விற்பவர் வாயால் சொன்னதை நம்பாமல் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். நான் கேட்டபோது, ‘சி’ இருந்தால்தான் பாலிசி தருவோம் என்று பதில் வந்தது. விபத்து நடந்த பிறகு அந்தப் பதில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

‘சி’ வாங்குவது எப்படி:

டி2 விண்ணப்பம், டி4 மருத்துவப் படிவம் இரண்டையும் டிவிஎல்ஏ-வுக்கு (லைசென்ஸும் வண்டிப் பதிவும் பார்க்கும் அரசு அலுவலகம்) அனுப்பினால் தற்காலிக அனுமதி வரும். டி4-ஐ டாக்டர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். குடும்ப டாக்டர்கள் இதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். லாரி டிரைவர்களுக்கென்றே இதைச் செய்து கொடுக்கும் டாக்டர்கள் மலிவு. பிறகு தியரி. கேள்வித்தாளும் அபாயம் கண்டறியும் வீடியோவும் தனித்தனி டெஸ்ட், தனித்தனிக் கட்டணம். அப்புறம் பயிற்சி, ஓட்டும் டெஸ்ட். சம்பளத்துக்கு ஓட்டப்போவதில்லை என்றால் சிபிசி என்ற தொழில்முறை டிரைவர் தகுதி தேவையில்லை. அதையும் சேர்த்து விற்கப் பார்க்கும் பயிற்சிப் பள்ளிகள் உண்டு, கவனம்.

சொந்த வண்டியிலேயே டெஸ்ட் கொடுத்துவிடலாம் என்று நானும் கணக்குப் போட்டேன். முடியாது. ‘சி’ டெஸ்டுக்கு வண்டி குறைந்தது 12 டன் வகையாகவும் 8 மீட்டர் நீளமாகவும் இருக்க வேண்டும், ஏபிஎஸ் பிரேக் வேண்டும். ஆக, பவர் ஸ்டீயரிங் உள்ள நவீன லாரியில் நான்கு நாள் பழகி, பாஸ் செய்து, அதற்குச் சம்பந்தமே இல்லாத 1950-களின் வண்டியில் ஏறி உட்காருவீர்கள். எனக்கு விண்ணப்பத்திலிருந்து பாஸ் வரை ஐந்து மாதம் ஆனது. டாக்டர், டெஸ்ட், பயிற்சி எல்லாம் சேர்த்து 1,700 பவுண்டு. 45 வயதானால் மருத்துவப் படிவத்தைத் திரும்பக் கொடுக்க வேண்டும், அதன்பின் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. எனக்கு அதற்கு இன்னும் ஒரு வருடம்தான் பாக்கி.

3. காகிதங்கள்

வி5சி (வண்டியின் பதிவுச் சான்று) இல்லாத வண்டியா? விலை பாதியாக இருந்தாலும் இரண்டு தடவை யோசியுங்கள். இருக்கிறது என்றால் போட்டோ அனுப்பச் சொல்லி இவற்றைப் பாருங்கள்.

தயாரான வருடம். முதல் பதிவுத் தேதி வேறு, தயாரான தேதி வேறு. அரசு விற்ற பிறகு புதிதாகப் பதிவான வண்டி என்றால் பதிவுத் தேதியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மேலே சொன்ன 1960 விலக்கும், 40 வருடம் தாண்டிய வண்டிக்கான வரி விலக்கும் தயாரான தேதியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன. வி5சி-யில் அது இல்லையென்றால் அந்த வகை வண்டிக்கான கிளப்பிடம் தேதிச் சான்று வாங்கி அனுப்ப வேண்டியிருக்கும்.

சேஸிஸ் எண். வண்டியில் அடித்திருப்பதும் காகிதத்தில் இருப்பதும் ஒன்றா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட்டுக்கு மேல் பெயின்ட்டாக ஏழெட்டுப் பூச்சு இருக்கும், ஒரு கம்பித் தூரிகை எடுத்துப்போங்கள்.

வரி வகுப்பு. ‘ஹிஸ்டாரிக்’ என்று இருந்தால் நல்லது. வேறு வகுப்பில் இருந்தால், வி5சி உங்கள் பெயருக்கு வந்த பிறகு போஸ்ட் ஆபீஸில் கொடுத்து மாற்ற வேண்டும். வரி பூஜ்யம்தான், ஆனாலும் ஒவ்வொரு வருடமும் பூஜ்யத்துக்கு டாக்ஸ் போட வேண்டும். ‘கட்டவேண்டியது ஒன்றுமில்லையே’ என்று விட்டுவிட்டால் அபராதக் கடிதம் வரும். ரோட்டுக்கு எடுக்காத மாதங்களில் சார்ன், அதாவது ‘வண்டி ரோட்டில் ஓடவில்லை’ என்று டிவிஎல்ஏ-வுக்கு அறிவித்துவிடுங்கள்.

எம்ஓடி, அதாவது வண்டி ஓட்டத் தகுதியானதா என்று வருடாவருடம் பார்க்கும் டெஸ்ட். 40 வருடம் தாண்டி, கடந்த 30 வருடத்தில் பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல், வணிகத்துக்குப் பயன்படுத்தாமல் இருக்கும் வண்டிக்கு விலக்கு. லாரி வகைக்கு வி112ஜி படிவத்தில் அறிவிக்க வேண்டும். டெஸ்ட் இல்லை என்பதைச் சலுகை என்று சொல்லித்தான் விற்பார்கள். எனக்கென்னவோ அதுதான் பெரிய ஆபத்தாகப் படுகிறது. பதினைந்து வருடமாக யாருமே பிரேக்கைக் கழற்றிப் பார்க்காத வண்டியும் சட்டப்படி ரோட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் ஆபத்தான நிலையில் ஓட்டிப் பிடிபட்டால் 2,500 பவுண்டு வரை அபராதம், லைசென்ஸில் மூன்று புள்ளி. விலக்கு இருந்தாலும் வருடம் ஒருமுறை லாரி மெக்கானிக் ஒருவரிடம் காசு கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வி5சி தொலைந்துபோன வண்டிக்கு வி62 படிவமும் 25 பவுண்டும். வருவதற்கு ஆறு வாரம் வரை ஆகலாம். அதுவரை டாக்ஸ் மாற்றமும் இல்லை, ஓட்டமும் இல்லை, கொட்டகை வாடகை மட்டும் ஓடும். பழைய நம்பர் டிவிஎல்ஏ கணினியில் ஏறவே இல்லையென்றால் வி765, கிளப் சான்று என்று இன்னொரு பாதை இருக்கிறது. முதல் வண்டிக்கு அந்தப் பாதை வேண்டாம்.

லண்டன்காரர்களுக்கு: ஹிஸ்டாரிக் வகுப்புக்குப் புகைமாசுக் கட்டணம் கிடையாது, கன்ஜெஷன் சார்ஜ் (நெரிசல் கட்டணம்) உண்டு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஊர்வலம் போகாதீர்கள்.

4. நேரில் பார்க்கும்போது

‘மொத்தமே சில ஆயிரம் மைல்தான் ஓடியிருக்கிறது’ என்பது இந்த வண்டிகளின் பழைய பல்லவி. உண்மையாகவும் இருக்கும், பல காலம் அரசுக் கிடங்கில் சும்மா நின்றவைதான். ஓடாத வண்டியில் தேய்மானம் இருக்காது, ஆனால் ரப்பர் எல்லாம் செத்திருக்கும். பிரேக் சிலிண்டருக்குள் துரு, பெட்ரோல் தொட்டிக்குள் துரு, ரேடியேட்டர் குழாயை அழுத்தினால் அப்பளம் மாதிரி நொறுங்கும்.

டயர் பக்கச் சுவரில் டாட் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் பாருங்கள். 2318 என்றால் 2018-ஆம் வருடம் 23-ஆவது வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர். என் வண்டியில் பூவேலைப்பாடு புதிதுபோல இருந்த முன் டயர் இரண்டிலும் மூன்று இலக்கம்தான். ஒன்று 340 பவுண்டு என்று இரண்டையும் மாற்றினேன். பழைய லாரிச் சக்கரங்களில் பல துண்டாகப் பூட்டப்பட்டவை உண்டு, தெரியாமல் கழற்றினால் வளையம் தெறித்து ஆளையே அடிக்கும். தெருமுனைக் கடையில் தொடமாட்டார்கள், தொட்டாலும் விடாதீர்கள்.

அந்தக் காலத்துப் பிரேக் லைனிங்கிலும் கேஸ்கெட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. டிரம்மைத் திறந்து காற்றடித்துச் சுத்தம் செய்யவே கூடாது.

உதிரிபாகத்தைப் பொறுத்தவரை ஒரு நல்ல செய்தி. இதே பெட்ஃபோர்டு வகையை ராணுவமும் லாரியாக வைத்திருந்ததால், எஞ்சின், ஆக்ஸில் சாமான்கள் பழைய ராணுவப் பொருள் விற்பவர்களிடம் கிடைக்கும். பம்ப் பாகங்கள்தான் தேடவேண்டும். அதனால் நேரமிருந்தால் பம்பை ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். ‘தண்ணீர் வசதி இல்லை’ என்று சொன்னால் விலையைக் குறையுங்கள்.

ஏலத்தில் எடுப்பவர்களுக்கு: சுத்தியல் விழுந்த விலைக்கு மேல் வாங்குபவர் கமிஷன், அந்தக் கமிஷனுக்கு வாட் என்று இன்னும் ஏறும். எனக்கு எல்லாம் சேர்த்து 6,200 பவுண்டு.

5. இன்சூரன்ஸும் பிரேக்டவுனும்

இன்சூரன்ஸ் ஒன்றுதான் எதிர்பார்த்ததைவிட மலிவு. பழைய வண்டிகளுக்கென்றே உள்ள புரோக்கர்களிடம் வருடத்துக்கு 210 பவுண்டுக்குக் கிடைத்தது. மைல் வரம்பு உண்டு, பூட்டிய கட்டடத்தில் நிறுத்தவேண்டும் என்பார்கள். ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’ பாலிசியா என்று கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் வண்டி போன பிறகு அதன் மதிப்பை அவர்கள் சொல்வார்கள்.

காருக்கு வைத்திருக்கும் பிரேக்டவுன் சேவை இதற்கு உதவாது. பெரும்பாலானவை 3.5 டன்னோடு நின்றுவிடும். லாரி இழுக்கும் வண்டிக்குத் தனியாக ஏற்பாடு செய்யுங்கள்.

6. முதல் ஓட்டம்

காலை ஆறு மணிக்கு, ஞாயிற்றுக்கிழமை, மழை இல்லாத நாளில் எடுங்கள். பழகிய ஒருவர் பக்கத்தில் உட்காரட்டும். பக்கத்தில் என்றால், உங்கள் இருவருக்கும் நடுவே எஞ்சின் இருக்கும். டிசம்பரில் அது சுகம், ஜூலையில் இடது முழங்கால் வெந்துபோகும். கத்தினால்தான் பேச்சு கேட்கும்.

பவர் ஸ்டீயரிங் இல்லை. நின்ற இடத்தில் திருப்பப் பார்க்காதீர்கள், கொஞ்சம் உருளவிட்டுத் திருப்புங்கள். கியரைக் குறைக்கும்போது கிளட்சை இரண்டு முறை அமுக்க வேண்டும்: நியூட்ரலுக்கு வந்து, விட்டு, ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி அமுக்கிக் கீழ் கியர். முதல் கியருக்கு ஓடும்போதே போகப் பார்த்தால் பல்லைக் கடிக்கிற சத்தம் தெருமுனை வரை கேட்கும். எனக்குக் கைவர மூன்று ஞாயிறு ஆனது. பிரேக் டிரம் வகை. நீங்கள் விடும் இடைவெளியில் ஒரு கார் வந்து நுழையும், அப்புறம் இன்னொன்று. கோபப்படாமல் மறுபடி இடைவெளி விடுங்கள். தொட்டியில் அரைவாசித் தண்ணீரோடு ஒருபோதும் ஓட்டாதீர்கள். பிரேக் பிடித்ததும் தண்ணீர் முன்னால் பாய்ந்து வண்டியை ஒரு தள்ளுத் தள்ளும்.

வேகம் 40 மைல் வந்தால் பெரிது. மோட்டார்வேயில் பின்னால் வரும் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தே நம்மைக் கரைத்துவிடுவார்கள். நான் போவதில்லை.

ஏணியோடு சேர்த்து உயரத்தை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். 3 மீட்டரைத் தாண்டினால் டிரைவர் கண்ணில் படும்படி உயரத்தை எழுதி ஒட்டுவது சட்டப்படி கட்டாயம். அப்படியே போகும் வழியிலுள்ள ரயில் பாலங்களையும் முந்தின நாள் காரில் போய்ப் பார்த்துவிடுங்கள். கார் ஜிபிஎஸ்ஸுக்குப் பாலத்தின் உயரம் தெரியாது.

பெட்ரோல்: காலனுக்கு 7 மைல். எத்தனால் குறைந்த இ5 சூப்பர் போடுங்கள், 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பம்பில் வருவது இ10. அது பழைய ரப்பர்க் குழாய்களை அரிக்கும். லிட்டர் ஒன்றரைப் பவுண்டு என்று வைத்தால் மைலுக்கு ஏறக்குறைய ஒரு பவுண்டு. கொட்டகையிலிருந்து வீட்டுக்கு வந்து பிள்ளைகளுக்குக் காட்டித் திரும்ப 44 பவுண்டு.

பிள்ளைகள் என்றதும் ஞாபகம் வருகிறது. தயாரானபோதே சீட் பெல்ட் இல்லாத வண்டியில் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தையை ஏற்றவே கூடாது. அதற்கு மேற்பட்ட குழந்தைகள் பின் சீட்டில்தான். ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் அள்ளிப் போட்டுக்கொண்டு ஒரு சுற்று என்ற கனவை அங்கேயே விட்டுவிடுங்கள்.

7. நீல விளக்கு, மணி, சைரன்

“அப்பா, மணி அடிங்கப்பா!” என்று என் மகள் கேட்காத நாளில்லை. ரோட்டில் அடிக்கக் கூடாது. நீல விளக்கு அவசர வாகனங்களுக்கு மட்டும். எரியாத விளக்கானாலும், அதுபோலத் தோற்றமளிக்கும் பொருளானாலும் மற்ற வண்டியில் பொருத்தியிருப்பதே குற்றம். கழற்றிவிடுங்கள். குறைந்தபட்சம் வெளிச்சமே புகாதபடி முழுதாக மூடுங்கள். மணி, சைரன், இருதொனி ஹாரனுக்கும் இதே கதைதான். என் பித்தளை மணி ஒரு பழைய துண்டில் சுற்றி சீட்டுக்கடியில் பயணம் செய்யும், விழா மைதானத்துக்குள் போய்த்தான் மாட்டுவேன்.

8. தண்ணீர்: யாரும் சொல்லித் தராத பகுதி

வாங்கியவன் எல்லோருக்கும் ஒருமுறையாவது தண்ணீர் பீய்ச்சிப் பார்க்க ஆசை. எங்கிருந்து எடுப்பீர்கள்? தெரு ஹைட்ரண்டை (தீயணைப்புக்கான தண்ணீர்க் குழாய்) தண்ணீர் கம்பெனியின் அனுமதி இல்லாமல் திறப்பது குற்றம். ஆற்றில் குழாயை விடலாம் என்றால், இங்கிலாந்தில் ஒரு நாளுக்கு 20 கன மீட்டருக்கு மேல் எடுக்க உரிமம் வேண்டும். கேட்க நிறைய மாதிரி இருக்கும். கணக்குப் பாருங்கள். இந்த வண்டியின் பம்ப் நிமிடத்துக்கு சுமார் 900 காலன் தள்ளும், அதாவது 4,000 லிட்டருக்கு மேல். 20,000 லிட்டர் ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. சொந்தக் குளம் வைத்திருக்கும் பண்ணைக்காரரைப் பிடித்து, குளத்திலிருந்து எடுத்துக் குளத்திலேயே விடுங்கள். ஆளில்லாத பக்கம் பார்த்து. அந்த வேகத் தண்ணீர் ஆளைச் சாய்த்துவிடும், ஹோஸைத் தனியாகப் பிடிக்கவும் முடியாது.

இனி என் பம்பின் கதை. அக்டோபர் கடைசியில் ஒரு விழா முடிந்து தொட்டியைக் காலி செய்தேன், பம்பின் அடியில் இருந்த வடிகால் குழாயைத் திறந்தேன், சொட்டுச் சொட்டாக நிற்கும்வரை காத்திருந்து மூடினேன். எல்லாம் சரி என்றுதான் நினைத்தேன். பின்பக்கம் கை நுழையாத ஒரு இடுக்கில் இரண்டாவது வடிகால் ஒன்று இருக்கிறது. அதன்மேல் பச்சைப் பெயின்ட் பூசியிருந்ததால் வெறும் நட்டு மாதிரி தெரிந்தது. ஜனவரியில் நான்கு நாள் உறைபனி. ஏப்ரலில் தண்ணீர் விட்டுப் பார்த்தபோது பம்ப் உறையின் கீழே நூல் பிடித்ததுபோல ஒரு ஈரக் கோடு. துடைத்தேன், மறுபடி வந்தது. விரலால் தடவினால் ஒன்றும் தெரியவில்லை, நகத்தால் கீறினால் மட்டும் தட்டுப்பட்டது. உள்ளே தேங்கிய ஒரு டம்ளர் தண்ணீர் உறைந்து, இரும்பைப் பிளந்திருக்கிறது. வார்ப்பிரும்பை ஒட்டவைக்கத் தெரிந்த ஆளைக் கண்டுபிடிக்க ஆறு வாரம், கூலி 650 பவுண்டு.

ஆகவே: வாங்கும்போதே எல்லா வடிகாலும் எங்கே என்று காட்டச் சொல்லி போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் முடிவதற்குள் ஒவ்வொன்றையும் திறந்து, பனிக்காலம் முழுக்கத் திறந்தே விடுங்கள். ரேடியேட்டருக்கு ஆன்டிஃபிரீஸ் ஊற்றியாயிற்றே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். பம்பில் அது போகாது.

9. முதல் வருடக் கணக்கு

வாங்கிய விலை போக என் நோட்டில் இருப்பது: டிரெய்லரில் இரண்டு நடை 480, கொட்டகை 1,680, இன்சூரன்ஸ் 210, முன் டயர்கள் 680, பிரேக் வேலை 900, பம்ப் 650, பெட்ரோல் 380, லைசென்ஸ் 1,700. மொத்தம் 6,680 பவுண்டு. வண்டியின் விலையைவிட அதிகம். ஓட்டியது 400 மைல்கூட இல்லை.

இதைப் பார்த்ததும் எல்லாருக்கும் தோன்றுவது, வாடகைக்கு விட்டால் என்ன என்பது. எனக்கும் தோன்றியது. மாப்பிள்ளை அழைப்புக்குக் கேட்டு ஒருவர் போனே செய்தார். பணம் வாங்கி ஓட்டிய நிமிடமே அது வணிகப் பயன்பாடு. வரி விலக்கு, எம்ஓடி விலக்கு எல்லாம் பொழுதுபோக்குக்குக் கிடைத்தவை, இன்சூரன்ஸும் அப்படியே. அந்த மாப்பிள்ளை குதிரையில் போனார்.

10. விற்பதென்றால்

வாங்குவோர் கொஞ்சம் பேர்தான், அதிலும் கொட்டகை உள்ளவர்கள் இன்னும் குறைவு. தீயணைப்பு வண்டிகளைப் பாதுகாக்கும் ஃபயர் சர்வீஸ் பிரிசர்வேஷன் குரூப் போன்ற அமைப்பில் முன்கூட்டியே சேர்ந்திருந்தால் கேட்பவர்கள் அங்கே கிடைப்பார்கள். வாங்குவதற்கு முன்பே சேர்வது இன்னும் நல்லது, இந்தக் கட்டுரையில் உள்ள பாதியை டீ வாங்கிக் கொடுத்தே தெரிந்துகொண்டிருக்கலாம். பணம் கணக்கில் ஏறும்வரை வி5சி-யைக் கையைவிட்டு விடாதீர்கள். ஏறியதும், ஆள் இருக்கும்போதே டிவிஎல்ஏ இணையத்தில் பெயர் மாற்றத்தைப் போட்டுவிடுங்கள். விளம்பரத்தை மார்ச் மாதம் போடுங்கள், விழாக்கள் தொடங்கும் முன். செப்டம்பரில் போட்டால் பார்க்க வருவார்கள், ஏறி உட்கார்ந்து போட்டோ எடுப்பார்கள், ‘வசந்தத்தில் பேசலாம்’ என்று போய்விடுவார்கள். கொட்டகைக்கு இன்னும் ஆறு மாத வாடகை நீங்கள்தான் கட்ட வேண்டும்.